கண்ணில் வளரும் சதை: கொங்கு வெயிலில் அது ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் முகாமுக்குப் புரை என்று நினைத்துப் போகிறவர்களில் சிலர், புரை இல்லை, சதை வளர்ந்திருக்கிறது என்ற பதிலோடு திரும்புகிறார்கள். கையில் ஒரு சொட்டு மருந்துச் சீட்டு, கூடவே வெயிலில் அதிகம் போக வேண்டாம் என்ற அறிவுரை. குழப்பம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. சதை என்றால் புற்றுநோயா? எடுக்காவிட்டால் பார்வை போய்விடுமா? சொட்டு மருந்தில் கரையுமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெட்டி எடுத்தும் மறுபடி வளர்ந்ததே, அது ஏன்? எல்லாவற்றுக்கும் மேலாக, மஞ்சள் களத்திலும் கொப்பரைக் களத்திலும் வேலை செய்து பிழைக்கிறவர் வெயிலில் போகாமல் எப்படி இருப்பார்?

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். வெயிலை விட்டு ஓட முடியாதவருக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. ஆகவே எந்த வெயில், எந்தப் பக்கமிருந்து, எந்த நேரத்தில் கண்ணைக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் வேலையையும் விடாமல் கண்ணையும் காக்கலாம்.

புரை, பூ, சதை: மூன்றும் வேறு வேறு

1. புரை என்பது கண்ணுக்கு உள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது. வயதானால் பெரும்பாலோருக்கு வரும். வெளியிலிருந்து பார்த்தால் முற்றிய புரை கண்மணியில் வெள்ளையாகத் தெரியலாம்.

2. கண்ணில் பூ என்று சொல்வது, கருவிழியில் புண்ணோ காயமோ வந்து ஆறிய தழும்பு. அது இருந்த இடத்திலேயே இருக்கும், ஊர்ந்து வராது.

3. சதை என்பது வெள்ளை விழியின் மேலிருக்கும் சவ்வு தடித்து, ரத்த நாளங்களோடு, முக்கோண வடிவில் கருவிழியின் மேல் ஏறி வருவது. மருத்துவர்கள் இதை டெரிஜியம் என்கிறார்கள். முக்கோணத்தின் கூர்முனை கண்மணியை நோக்கி இருக்கும். பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும்.

டெரிஜியம் புற்றுநோய் அல்ல. கண்ணுக்குள்ளேயும் போவதில்லை. மேற்பரப்பில் மட்டும் ஊரும் வளர்ச்சி இது. முதலில் இந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடலாம். ஆனால் சதை மாதிரியே தோற்றம் காட்டும் வேறு சில இருக்கின்றன, அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

கருவிழியின் விளிம்பில் இருக்கும் காவல்

கண்ணின் முன்பக்கத்தில் நமக்குத் தெரிய வேண்டிய பகுதிகள் மூன்று. நடுவில் கண்ணாடிபோலத் தெளிவான கருவிழிப் படலம். அதன் குறுக்களவு 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் ரத்த நாளமே கிடையாது, அதனால்தான் ஒளி தடையில்லாமல் உள்ளே போகிறது. அதைச் சுற்றி வெள்ளை விழி. வெள்ளை விழியின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு இணைப்படலம் என்று பெயர். மெட்ராஸ் ஐ வரும்போது சிவந்து வீங்குவது இதுதான்.

கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் வட்ட விளிம்பில் ஒரு வகை ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு வேலை இரண்டு. கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதிய செல்களை அனுப்பிக்கொண்டே இருப்பது ஒன்று. வெள்ளை விழியின் சவ்வும் அதன் ரத்த நாளங்களும் கருவிழிக்குள் நுழையாமல் தடுப்பது மற்றொன்று.

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்கள் இந்த விளிம்புச் செல்களின் மரபணுவைச் சேதப்படுத்துகின்றன. ஒரு நாள் வெயிலில் எதுவும் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் சேதம் சேர்ந்துகொண்டே போகும். விளிம்பின் ஒரு பகுதியில் காவல் செல்கள் பலமிழக்கின்றன. சேதமான செல்கள் அழற்சியைத் தூண்டுகின்றன, புதிய ரத்த நாளங்களை வரவழைக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன, கருவிழியின் மேலடுக்கை அரிக்கும் நொதிகளையும் வெளியிடுகின்றன. வரப்பு உடைந்த இடத்தில் பக்கத்து வயல் தண்ணீர் பாய்கிற மாதிரி, சவ்வு அந்த இடத்தின் வழியாகக் கருவிழிக்குள் வருகிறது.

சதையை வெட்டி எடுத்தும் சிலருக்கு மறுபடி வளர்வதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. ஏறி வந்த சவ்வை எடுத்துவிட்டாலும் விளிம்பில் உடைந்த காவல் உடைந்தபடியே இருக்கும்.

மூக்குப் பக்கத்தில் மட்டும் ஏன்?

சூரியன் தலைக்கு மேலே இருக்கிறது, கண் முழுவதும்தான் வெயில் படுகிறது. அப்படியிருக்க, சதை மட்டும் மூக்கு ஓரத்தில் ஏன் முளைக்கிறது? இதற்கான விடைதான் தடுப்பு முறையையே தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த கண் மருத்துவப் பேராசிரியர் மினாஸ் கொரோனியோ இதை விளக்கினார். கருவிழிப் படலம் குவிந்த வடிவம் கொண்டது, அதாவது அதுவே ஒரு லென்ஸ். காதுப் பக்கமிருந்து, பக்கவாட்டில் வரும் ஒளி கருவிழியின் ஓரத்தில் நுழைந்து, வளைந்து, கண்ணின் முன்பகுதிக்குள் குறுக்கே போய், எதிர்ப்பக்க விளிம்பில் அதாவது மூக்கு ஓர விளிம்பில் குவிகிறது. அங்கே அதன் செறிவு ஏறக்குறைய 20 மடங்குவரை கூடுகிறது. ஸ்டெம் செல்கள் விளிம்பின் ஆழத்தில் இருக்கின்றன. இந்த ஒளி உள்ளிருந்து வந்து நேராக அவற்றைத் தாக்குகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இதே மாதிரி ஒளி நுழைந்து காது ஓரத்தில் குவியாதா என்றால், மூக்கு மறைத்துக்கொள்கிறது. காதுப் பக்கம் மறைப்பு எதுவும் இல்லை. ஆக, கண்ணுக்கு ஆபத்தான வழி பக்கவாட்டு வழி.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. முன்பக்கம் மட்டும் மறைக்கும் சின்னக் கறுப்புக் கண்ணாடி பாதி வேலைதான் செய்யும். ஓரம் திறந்திருந்தால் ஒளி அந்த வழியே புகுந்துவிடும்.

2. தரையிலிருந்து எழும் ஒளியும் கணக்கில் வரும். தலைக்கு மேலே வரும் வெயிலைப் புருவமும் மேலிமையும் ஓரளவு தடுக்கின்றன. கீழிருந்து வருவதைத் தடுக்க ஒன்றுமில்லை. உலர்ந்த மணல் தன்மேல் விழும் புறஊதாக் கதிர்களில் 15 சதவீதம் அளவைத் திருப்பி அனுப்புகிறது. புல்தரை மிகக் குறைவாகவே அனுப்பும். சிமெண்டுத் தளம் புல்தரையைவிடப் பல மடங்கு அனுப்பும்.

3. உச்சி வெயில் மட்டுமே கண்ணுக்குக் கெடுதல் என்ற எண்ணம் சரியல்ல. ஜப்பானில் பொம்மைத் தலைகளின் கண் இருக்கும் இடத்தில் உணர்கருவி பொருத்தி நாள் முழுக்க அளந்து பார்த்தார்கள். முகம் சூரியனைப் பார்த்திருக்கும்போது, கண்ணில் படும் புறஊதா அளவு உச்சி நேரத்தில் குறைந்து, காலையிலும் பிற்பகலிலும் ஏறியது. சூரியன் வானில் சுமார் 40 டிகிரி உயரத்தில் நிற்கும் நேரம் அது. நம் ஊரில் பங்குனி, சித்திரையில் அது காலை 9 மணியை ஒட்டியும் மாலை மூன்றரை மணி தாண்டியும் வரும். மதியம் 12 முதல் 3 வரை நிழலில் இருந்துவிட்டு, மற்ற நேரம் வெறுங்கண்ணோடு வேலை செய்தால் தோலுக்கு நல்லது. கண்ணுக்கு அது போதாது.

மேகமூட்டம் இருந்தால் பரவாயில்லை என்றும் நம்பக் கூடாது. மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புறஊதாக் கதிர்கள் பெருமளவு கீழே வந்துவிடும். சூடு தெரியவில்லை என்பதால் கதிர் இல்லை என்று அர்த்தமில்லை. ஊட்டிக் குளிரும் அப்படித்தான். உயரம் 1000 மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் 10 சதவீதம் அளவு கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டத்திலும் கேரட் காட்டிலும் வேலை செய்கிறவர்கள் குளிரை நம்பிக் கண்ணைத் திறந்துவிடக் கூடாது.

கொங்கு நாட்டில் ஏன் இவ்வளவு பேருக்கு

உலக அளவில் டெரிஜியம் அதிகம் காணப்படும் பகுதி, பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 37 டிகிரி வரை விரிந்த பட்டை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் எல்லாமே 11 டிகிரி வடக்கை ஒட்டி இருக்கின்றன. பட்டையின் நடுவில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி ஒரு முறை என ஆண்டுக்கு இரண்டு தடவை சூரியன் நமக்கு நேர் உச்சியில் வந்து போகிறது.

ஆனால் இது தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் பொருந்தும். கொங்குக்கென்று தனியாக இருப்பவை காற்றும் களமும்.

காற்றை முதலில் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு அகலமாகத் திறந்து கிடக்கிறது. வைகாசியில் தொடங்கி ஆவணிவரை அந்த வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. மழையைக் கேரளத்திலேயே பெருமளவு இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக வந்து, புழுதியையும் கிளப்புகிறது. இப்படிப்பட்ட காற்று கண்ணீர்ப் படலத்தைக் காய வைக்கும். காய்ந்த கண்ணில் தூசி உரசினால் அழற்சி நீடிக்கும். நோய்க்கு முதல் காரணம் புறஊதாக் கதிர்தான், அதில் ஆதாரம் வலுவாக இருக்கிறது. தூசியும் வறட்சியும் அதற்குத் துணை போகின்றன, இருக்கும் சதையை எரிச்சல்படுத்திச் சிவக்க வைக்கின்றன. ஆடிக் காற்றில் பலருக்குச் சதை சிவந்து உறுத்துவது இதனால்தான்.

அடுத்தது களம். கொங்கு நாட்டின் பெரும் தொழில்கள் பலவும் வெயிலைக் கொண்டே நடக்கின்றன.

ஈரோட்டுப் பக்கம் தை முதல் பங்குனிவரை மஞ்சளை வேகவைத்துக் களத்தில் பரப்பி, இரண்டு வாரம்வரை காய வைப்பார்கள். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காயை உடைத்துக் கொப்பரையாகக் காய வைக்கும் களங்கள் வரிசையாக இருக்கின்றன. சேலம், ஆத்தூர், நாமக்கல் வட்டாரங்களில் மரவள்ளிக் கிழங்கு மாவையும் ஜவ்வரிசியையும் சிமெண்டுத் தளங்களில் விரிக்கிறார்கள். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்தச் சேகோ ஆலைக் களங்கள்தான். பளீரென்று வெள்ளையாக விரிந்த மாவின் நடுவே, குனிந்த முகத்தோடு, அதைக் கிளறியபடி பெண்களும் ஆண்களும் நாள் முழுக்க நிற்கிறார்கள். மேலே சூரியன், கீழே வெள்ளை விரிப்பு. கண் கூசுகிறது என்று அவர்களே சொல்வார்கள். கூச்சத்தைப் பழகிக்கொள்ளலாம். சேதத்தைக் கண் பழகிக்கொள்ளாது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போகும் திருச்செங்கோட்டு ஆட்களும், நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களும் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். லாரியின் முன்கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டிய கண்ணாடி, அது புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல, அதுவும் பெரும்பாலும் இறக்கியே இருக்கும். ஓட்டுநருக்குப் பக்கவாட்டு ஒளி வலது ஜன்னல் வழியே வருகிறது.

வெல்டிங் பட்டறைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெல்டிங் சுடரிலிருந்தும் புறஊதாக் கதிர் வருகிறது, அதுவும் மிக அருகில் இருந்து. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் கண் எரிந்து, நீர் வடிந்து, திறக்க முடியாமல் தவிப்பது கருவிழியின் மேல்தோல் அந்தக் கதிரில் வெந்ததன் விளைவு. அது ஓரிரு நாளில் ஆறிவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடிக்கிறவர் முகமூடி பிடித்திருப்பார், பக்கத்தில் இரும்பைப் பிடித்திருக்கும் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். முகத்தைத் திருப்பினால் பக்கவாட்டு வழி திறக்கிறது. அந்தப் பையனுக்கும் முகமூடி கொடுப்பது முதலாளியின் கடமை.

பார்வை எப்படிக் கெடுகிறது

சதை வந்த எல்லோருக்கும் பார்வை கெடுவதில்லை. விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் வந்துவிட்டு, வாழ்நாள் முழுக்க அங்கேயே நின்றுவிடும் சதைகள் நிறைய உண்டு. வளர்பவையும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்தான் வளரும்.

கெடும்போது அது இரண்டு வழியில் கெடுகிறது. சதை கருவிழியை இழுத்து அதன் வளைவை மாற்றுவதால் சிலிண்டர் பவர் ஏறுவது, அதாவது வளைவு ஒரே சீராக இல்லாமல் பார்வை மங்குவது முதல் வழி. சதை கண்மணியைத் தொடுவதற்கு முன்பே இது நடக்கலாம். கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறது என்றால் இதையும் சந்தேகிக்க வேண்டும். கண்மணிக்கு நேரே ஏறி ஒளியை மறைப்பது இரண்டாவது வழி. அதற்குப் பிறகு எடுத்தாலும் அந்த இடத்தில் மெல்லிய தழும்பு தங்கிவிடும், அதனால் அந்த எல்லைவரை காத்திருக்கக் கூடாது.

சதை போலத் தெரிகிற மற்றவை

வெள்ளை விழியில், கருவிழி விளிம்புக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் சின்ன மேடு தெரிந்தால் அது பிங்குவெகுலாவாக இருக்கலாம். அதுவும் வெயிலால் வருவதுதான். கருவிழிக்குள் ஏறாது. பெரும்பாலும் சிகிச்சையும் தேவைப்படாது. ஆனால் கண் போதுமான வெயிலை ஏற்கெனவே வாங்கிவிட்டது என்று அது காட்டுகிறது, பாதுகாப்பை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.

சுண்ணாம்பு தெறித்தோ, சாய ஆலை ரசாயனம் பட்டோ, புண் வந்தோ ஆறிய கண்ணில் சவ்வு கருவிழியோடு ஒட்டிக்கொண்டு சதை மாதிரி தெரிவதும் உண்டு. அது எந்தத் திசையிலும் வரலாம், வளர்ந்துகொண்டே போகாது.

கவனமாக இருக்க வேண்டியது கண் மேற்பரப்பில் வரும் புற்றுநோய். அதற்கும் புறஊதாக் கதிர் ஒரு காரணம், ஆரம்பத்தில் சதை போலவே தோன்றக்கூடும். கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் அடுத்த முகாம் வரட்டும் என்று இருக்காமல் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

1. சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வளர்வது.
2. மேற்பரப்பில் வெள்ளைத் திட்டோ, ஜெல்லி போன்ற கட்டியோ தெரிவது.
3. அதை நோக்கித் தடித்த ரத்த நாளங்கள் ஓடுவது, தொட்டால் ரத்தம் கசிவது.
4. முக்கோண வடிவம் இல்லாமல் ஒழுங்கற்று இருப்பது.

சந்தேகமான சதையை எடுத்தபிறகு திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்பினார்களா என்று நோயாளி கேட்பதில் தப்பே இல்லை.

வேலையை விடாமல் தடுப்பது

முதலில் தலைக்கு மேலே. நம்மூரில் ஆண்கள் கட்டும் உருமாலை தலைச் சூட்டைத் தாங்கும், வியர்வையை உறிஞ்சும், கண்ணுக்கு நிழல் தராது. நெற்றிக்கு முன்னாலும் ஓரங்களிலும் நீட்டிக்கொண்டு நிற்கும் விளிம்பு வேண்டும். சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்குக் குறையாத விளிம்புள்ள தொப்பி, கண்ணில் படும் புறஊதாக் கதிரைப் பாதியளவுக்குக் குறைக்கிறது. துணித் தொப்பி, ஓலைத் தொப்பி எதுவானாலும் சரி. முன்னால் மட்டும் நீட்டியிருக்கும் கிரிக்கெட் தொப்பி பக்கவாட்டை விட்டுவிடும். சேலை முந்தானையை முக்காடாகப் போடும் பெண்கள் அதை நெற்றிக்கு முன்னே கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டால் ஓரளவு நிழல் கிடைக்கும், ஆனால் தொப்பிக்கு அது ஈடாகாது.

தொப்பி தரையிலிருந்து வருவதைத் தடுக்காது. களத்து வேலைக்குக் கண்ணாடியும் வேண்டும். கண்ணாடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. யுவி 400 என்ற குறிப்பு இருக்க வேண்டும். 400 நானோமீட்டர்வரை உள்ள எல்லாப் புறஊதாக் கதிரையும் தடுக்கும் என்பது அதன் பொருள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்ப முடியாது. பல கண்ணாடிக் கடைகளில் சோதிக்கும் கருவி இருக்கிறது, அரை நிமிட வேலை, கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

2. நிறம் முக்கியமல்ல. புறஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, போடாமல் இருப்பதைவிடக் கெடுதல் செய்யலாம். இருட்டைக் கண்டு கண்மணி விரியும், கூச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குவதும் நின்றுவிடும்.

3. முகத்தோடு ஒட்டி, கடைக்கண்வரை சுற்றி வளைந்த வடிவம் வேண்டும். மூக்கு ஓரச் சதையைத் தடுப்பது காதோரத்து மறைப்புதான்.

4. போலரைஸ்டு என்பது கூச்சத்தைக் குறைக்கும் தொழில்நுட்பம். புறஊதாத் தடுப்பு வேறு விஷயம், அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விலை அதிகம் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பட்டறைகளுக்கு விற்கும் நிறமில்லாத சேஃப்டி கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட்டால் ஆனது. பாலிகார்பனேட் தன் இயல்பிலேயே புறஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். ஓரங்களையும் மூடும், தூசியையும் தடுக்கும், நிழலுக்குள் போனாலும் கழற்ற வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. சேகோ ஆலை, கொப்பரைக் களம் நடத்துகிறவர்கள் ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது. கையுறை தருவதுபோல இதையும் தர வேண்டிய பொருளாக நினைக்க வேண்டும். ஆனால் இது வெல்டிங் சுடருக்குப் போதாது. அதற்கு உரிய அடர்த்தியுள்ள வெல்டிங் கண்ணாடிதான் வேண்டும்.

பார்வைக்காகச் சாதாரணக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் முகமூடியை இறக்கிவிட்டால் காற்று, தூசி, கதிர் மூன்றும் குறையும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சேதம் சின்ன வயதிலிருந்தே சேர்கிறது, சதை வெளியே தெரிவது பெரும்பாலும் இருபது வயதுக்கு மேல். களத்தோரம் விளையாடும் குழந்தைக்குத் தொப்பி போட்டுப் பழக்குவது பிற்காலத்துக்கான பாதுகாப்பு.

சொட்டு மருந்தும் கைவைத்தியமும்

சதையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. மருத்துவர் எழுதித் தருவது செயற்கைக் கண்ணீர், உறுத்தலையும் வறட்சியையும் குறைப்பதற்காக. அதைத் தொடர்ந்து விடலாம். சிவப்பு அதிகமானால் சில நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு சொட்டு தருவார்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அதை விட்டதும் கண் வெளுத்து, உறுத்தல் போய், நன்றாக இருக்கும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டை நீண்ட நாள் விட்டால் கண்ணின் உள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. புரையும் சீக்கிரம் வரலாம். சதையால் பார்வை இழப்பவரைவிடத் தேவையில்லாத ஸ்டீராய்டால் இழப்பவரை நினைத்தால் மனம் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் வேறு சில சொட்டுகள் ரத்த நாளங்களைச் சுருக்குபவை. விட விட வெளுக்கும், நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, வெங்காயச் சாறு, தேன் என்று கண்ணில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எதுவும் சதையைக் கரைக்காது. கிருமி நீக்காத எதைக் கண்ணில் விட்டாலும் கருவிழியில் புண் வரலாம், அது ஆறினால் பூ. சதையை எடுத்துவிட முடியும், பூவை எடுக்கக் கருவிழி மாற்று அறுவைவரை போக வேண்டியிருக்கும்.

அறுவை எப்போது, எப்படி

அவசரம் பெரும்பாலும் இல்லை. சதை கண்மணியை நெருங்கும்போது, சிலிண்டர் பவர் ஏறும்போது, சொட்டுக்கு அடங்காத சிவப்பும் உறுத்தலும் தொடரும்போது, கண் அசைவைத் தடுக்கும்போது, அல்லது புற்றுநோய்ச் சந்தேகம் வரும்போது எடுப்பது சரி. அழகுக்காக மட்டும் எடுக்க நினைப்பவர்கள், குறிப்பாக இளவயதுக்காரர்கள், யோசிக்க வேண்டும். வயது குறைவாக இருந்தால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். திரும்ப வளர்வது முதல் சதையைவிட வேகமாகவும் தடிப்பாகவும் இருக்கும்.

இந்த அறுவை இந்தியாவுக்குப் புதிதல்ல. பழங்கால மருத்துவர் சுசுருதர் இதை அர்மம் என்ற பெயரில் விவரித்து, எப்படி அறுத்தெடுப்பது என்றும் சொல்லியிருக்கிறார். திரும்ப வளர்வதுதான் எப்போதும் பெரிய சிக்கலாக இருந்திருக்கிறது.

சதையை மட்டும் எடுத்துவிட்டு வெள்ளை விழியைத் திறந்தபடி விடும் பழைய முறையில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ திரும்ப வளர்ந்தது. சில ஆய்வுகளில் 80 சதவீதத்தைத் தாண்டியது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு நடந்தது அநேகமாக இதுதான். இப்போது செய்யும் முறையில், அதே கண்ணில் மேலிமைக்கு அடியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து, சதை இருந்த இடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். மேலிமை எப்போதும் மறைத்திருப்பதால் அந்தச் சவ்வு வெயில் படாதது. தையல் போட்டோ, ஃபைப்ரின் பசை வைத்தோ, நோயாளியின் சொந்த ரத்தம் உறைவதைக் கொண்டோ ஒட்டுவார்கள். ஒட்டு முறை நன்றாகச் செய்யப்படும் இடங்களில் திரும்ப வளர்வது 10 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான். ஆகவே மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “ஒட்டு வைப்பீர்களா?”

கண்ணை மட்டும் மரக்கச் செய்து, பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் சிவப்பு இருக்கும். சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை, சொன்ன அளவில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதில் ஸ்டீராய்டு இருப்பதால் கண் அழுத்தம் பார்க்கக் கூப்பிடும் நாளில் கட்டாயம் போக வேண்டும். திரும்ப வளர்வதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் தெரிந்துவிடும். அந்த ஒரு வருடம் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் களத்தில் இறங்கவே கூடாது.

புரையும் சதையும் சேர்ந்திருந்தால்

அறுபது வயதுக்கு மேல் பலருக்கு இரண்டும் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள் என்று வீட்டார் கேட்பது இயல்பு, கூட்டிப்போகிறவருக்கு வேலை கெடுகிறதே. ஆனால் புரையை எடுத்து வைக்கும் செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிட, கருவிழியின் வளைவை அளக்க வேண்டும். பெரிய சதை அந்த வளைவை மாற்றி வைத்திருக்கும். அந்த அளவை வைத்து லென்ஸ் போட்டுவிட்டு, பிறகு சதையை எடுத்தால் வளைவு மாறிவிடும், பவர் பொருந்தாது. அதனால் முதலில் சதையை எடுத்து, வளைவு நிலைப்படும்வரை ஒன்று முதல் மூன்று மாதம் காத்திருந்து, மறுபடி அளந்து, அப்புறம் புரை அறுவை செய்கிறார்கள். சதை சின்னதாக, வளைவைப் பாதிக்காமல் இருந்தால் அதைத் தொடாமலேயே புரையை எடுத்துவிடலாம். எது என்று அளந்து பார்த்து மருத்துவர் சொல்வார். காத்திருக்கச் சொன்னால் அது அலைக்கழிப்பு இல்லை, லென்ஸ் பவர் சரியாக அமைவதற்கான இடைவெளி.